பங்குனியில் பேசினால் வீட்டு விலை இறங்குமா? மதுரை நிலவரம், 2025

கேள்வி: மார்ச் 16, 2025

பங்குனியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் வாங்குபவர் வரத்து குறைவு, இப்போதே பேசி முடித்தால் பத்து சதவீதமாவது குறைத்து வாங்கிவிடலாம், சித்திரை பிறந்தால் விலை ஏறிவிடும் என்று எங்கள் பகுதித் தரகர் சொல்கிறார். மதுரைக்குள் 60 லட்சத்துக்குள் தனி வீடு தேடுகிறேன். அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை?

பதில்: மார்ச் 17

வரத்து குறைவு என்பது உண்மை. பத்து சதவீதம் என்பது தரகரின் ஆசை.

நாள்காட்டியின் பின்பக்கத்தில் வாஸ்து நாள்கள் இருக்கும்: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. பங்குனிக்கு ஒன்றும் கிடையாது. ஆனி, புரட்டாசி, மார்கழிக்கும் கிடையாது. மனை பூசையும் புதுமனை புகுவிழாவும் தள்ளிப்போகிற மாதம் என்பதால் வீடு பார்க்க வருகிறவர்களும் "சித்திரை பிறக்கட்டும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் வாங்குபவர் ஒதுங்கினால் விற்பவர் கலங்கிப்போவார் என்று நினைப்பதற்கு மதுரையில் ஆதாரம் குறைவு. நான் பார்த்தவரையில் இங்கே பழைய தனி வீட்டை விற்க வருகிறவர்கள் தவணை கட்ட முடியாமல் விற்பவர்கள் அல்லர். அப்பா கட்டிய வீடு, கடன் எதுவும் இல்லை, கீழ்த்தளத்தில் ஒரு வாடகைக் குடித்தனம் இருக்கிறது, பிள்ளைகள் வெளியூரில். அப்படிப்பட்டவரிடம் போய் பங்குனி என்று காரணம் காட்டி ஆறு லட்சம் குறைக்கச் சொன்னால், "அப்ப வைகாசியில வாங்க தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார். விலை இறங்காது, வீடு விற்காமல் நிற்கும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பேரம் தொடங்கும் முன்பே கெட்டுப்போகிறது.

ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்காகத் தை மாதத்திலிருந்து நானும் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதில் எனக்கும் சொந்த அக்கறை உண்டு.

மார்ச் 18

நேற்று எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், மகனை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புபவர், வேறு இடத்தில் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டு இந்த வீட்டை விற்றுத்தான் மீதியைக் கட்ட வேண்டியவர்: இவர்களுக்குக் கெடுத் தேதி இருக்கிறது. கெடு இருக்கிறவரிடம் பங்குனியிலும் பேசலாம், மாசியிலும் பேசலாம். ஆகவே தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு குறைப்பார்" என்பது அன்று, "எதற்காக விற்கிறார், எப்போதைக்குப் பணம் வேண்டும்" என்பது. நல்ல தரகர் இதற்கு நேராகப் பதில் சொல்வார். மற்றவர் "நல்ல பார்ட்டி சார், விடாதீங்க" என்பார்.

மார்ச் 23

கேட்டவர் திரும்பவும் எழுதியிருக்கிறார்: அப்படியானால் சித்திரையில் விலை ஏறும் என்பதாவது உண்மையா?

ஏறுவதில்லை, விற்பனைக்கு வரும் வீடுகள் கூடுகின்றன. இதற்கு நான் காணும் காரணம் முகூர்த்தத்தை விடவும் கையெழுத்து. அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய சுயசம்பாத்திய வீட்டில் அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. ஒருவர் கோயம்புத்தூரிலும் ஒருவர் துபாயிலும் அக்கா திண்டுக்கல்லிலும் இருக்கும்போது அந்த வீட்டை யாராலும் விற்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பது பள்ளி விடுமுறையும் மீனாட்சி கல்யாணமும் அழகர் வருகையும் சேர்ந்துவரும் அந்தச் சில வாரங்களில்தான். திருவிழா பார்க்க வந்த இடத்தில் கூடத்தில் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஒருவழியாக முடிவுக்கு வருகிறார்கள். மதுரையின் பழைய வீடுகள் பல இப்படித்தான் சந்தைக்கு வருகின்றன. தரகர்களின் கைப்பேசிக்குச் சித்திரையில் ஓய்வில்லாமல் போவதும் இதனால்தான்.

வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பங்குனியில் விலை குறையும் என்று காத்திருப்பதைவிட, சித்திரையில் தேர்வு செய்ய நிறைய வீடுகள் இருக்கும் என்று காத்திருப்பது நியாயம்.

ஏப்ரல் 2

பத்திரச் செலவைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். வீட்டு விலையில் ஓரிரு லட்சத்துக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கடைசி வாரத்தில் பார்த்துவிட்டுத் திகைப்பதை நேரிலேயே கண்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் நில மதிப்புதான் வழிகாட்டி மதிப்பு. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தது. அந்த ஏற்றம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை; பிறகு முறைப்படி திருத்திய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இன்றைய நிலையில் தனி வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம்.

கட்டுநரிடமிருந்து நேரடியாக முதல் கிரயமாக வாங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் நிலத்தின் பிரிபடாத பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் அதே 2. அதே 60 லட்சத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம்தான் ஆகிறது. தனி வீட்டுக்கும் புதுக் குடியிருப்புக்கும் இடையே 1 லட்சத்து 20 ஆயிரம் வித்தியாசம். பங்குனிப் பேரத்தில் இவ்வளவு கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

நேற்று முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். மாநகராட்சி எல்லைக்குள் 10 லட்சத்துக்கு ஒரு வீட்டை யாராவது காட்டினால், சலுகையைப் பற்றி யோசிக்கும் முன்பு, சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 3

வங்கிக் கடனில் வாங்குபவருக்கு ஒரு சேர்க்கை. கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால், சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். 60 லட்சம் வீட்டுக்குக் கடன் 48 லட்சம். கையிலிருந்து 12 லட்சமும் பதிவுக்கு 5 லட்சத்து 40 ஆயிரமும் தரகுத் தொகையும் ஆவணம் எழுதும் செலவும் போடவேண்டும். 18 லட்சத்துக்கும் மேல் ரொக்கக் கையிருப்பு இல்லாதவர் 60 லட்சத்துக்கு வீடு பார்ப்பது வீண் அலைச்சல்.

ஏப்ரல் 10

ரிசர்வ் வங்கி நேற்று ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 6.25 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது. பிப்ரவரியில் 6.5இலிருந்து 6.25 ஆக்கியிருந்தார்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் மாறும் வட்டிக்கு வாங்கிய வீட்டுக் கடன்கள் வங்கிக்கு வெளியே முடிவாகும் ஒரு விகிதத்தோடு கட்டப்பட்டவை. பெரும்பாலும் அது ரெப்போதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும்.

48 லட்சம், 20 ஆண்டு, 9 சதவீத வட்டி: மாதத் தவணை சுமார் 43,190 ரூபாய். 8.5 சதவீதமானால் சுமார் 41,660. மாதம் 1,530 ரூபாய் மிச்சம்.

ஒரு நண்பர் "இனி எல்லாரும் வாங்க வருவார்கள், விலை பறக்கும்" என்று எழுதியிருக்கிறார். மாதம் 1,530 ரூபாய்க்காக யாரும் வீடு வாங்கக் கிளம்புவதில்லை. ஆனால் விற்பவர் செய்தித்தாள் படிப்பார் என்பதை மறக்க வேண்டாம். ஆனையூர்ப் பக்கம் நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இன்று காலையிலேயே தரகர் மூலம் "வட்டி குறைஞ்சிருச்சாமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 62 லட்சம் கேட்டுக்கொண்டிருந்தவர். வட்டி குறைந்ததன் பலனை எனக்கு முன்பு அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 20

வீடு பார்க்க எந்த மாதம் நல்லது என்று ஒருவர் கேட்டதற்கு என் பதில்: தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சித்திரை, தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க ஐப்பசி. இரண்டையும் பார்க்காமல் வாங்குவது மதுரையில் ஆபத்து.

முதலாவது. ஆழ்துளைக் கிணறு 400 அடி, வற்றியதே இல்லை என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மோட்டாரைப் போடச் சொல்லுங்கள், போட்டவுடன் கிளம்பிவிடாதீர்கள். மாடிக்கு ஏறி, தொட்டிக்குள் விழும் குழாயின் அருகே நின்றுகொள்ளுங்கள். சென்ற வாரம் ஒரு வீட்டில் நின்றேன். முதலில் குழாய் நிறையக் கொட்டியது. வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்தார். மோர் தம்ளர் காலியாகும் நேரத்துக்குள் நீரின் பருமன் கட்டைவிரல் அளவாகிவிட்டது. பிறகு இடையிடையே காற்று கக்கி, மோட்டாரின் ஓசை மாறியது. அவர் சிரித்துக்கொண்டே "போதும் தம்பி, மோட்டார் எரிஞ்சிரும்" என்று நிறுத்திவிட்டார். சமையலறைக் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகக் காரை படிந்திருந்தது. குளியலறையில் சோப்பு நுரைக்கவில்லை. இவை எதுவும் மார்கழியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அந்த வகையில் கோடையில் வீடு தேடுகிறவர் பாக்கியசாலி.

இரண்டாவது. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர், நரிமேடு பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது ஊரறிந்த செய்தி. ஆனால் பங்குனியில் அதே தெருக்களில் நடந்தால் புழுதிதான் பறக்கும். வைகை ஆற்றுக்கு வடக்கேயும் தெற்கேயும் இந்த ஊர் கண்மாய்களுக்கு இடையில் வளர்ந்த ஊர்: செல்லூர், வண்டியூர், மாடக்குளம், தென்கால். ஒரு கண்மாய் நிறைந்து அடுத்ததற்கு நீர் போகும் வரத்துக்கால் எங்கே ஓடியது என்பதைத் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டாலே தெரியும். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. சுற்றுச்சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தால் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பழுப்புக் கோடு மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அதைவிட நம்பகமான சாட்சி பக்கத்து வீடு. நான் போன ஒரு வீட்டின் பக்கத்துக் குடித்தனத்தில் இரும்பு பீரோவின் நான்கு கால்களுக்கும் இரண்டிரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் எதுவும் விசாரிக்காமல் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 21

"செங்கல்லைப் பார்த்து வீட்டை வேண்டாம் என்றால் மதுரையில் வீடே வாங்க முடியாது" என்று ஒரு மறுப்பு. முடியும். அந்த வீட்டையே கூட வாங்கலாம், தரைமட்டத்தை உயர்த்திக் கட்டும் செலவை விலையில் கழித்துக்கொண்டு. அந்தச் செலவைச் சொன்னால் விற்பவர் மதிப்பார். "பங்குனி மாதம்" என்று சொன்னால் மதிக்க மாட்டார். குறைப்பதற்குக் காரணம் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 24

நேற்று சித்திரை 10. எங்கள் பகுதியில் காலையிலேயே காலி மனைகளில் வாழைமரம். செங்கல் லாரிக்காரர் இன்று கைப்பேசியை எடுக்கவில்லை.

மே 1

அட்சய திருதியை நேற்று. தங்கம் வாங்கும் நாள் என்றிருந்தது இப்போது பத்திரம் பதியும் நாளாகவும் ஆகிவிட்டது. இப்படிப்பட்ட நாள்களில் பதிவுத் துறையே சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு வழக்கமான 100 டோக்கனுக்குப் பதிலாக 150 என்று கூட்டிக் கொடுக்கிறது. உறவினர் ஒருவரின் கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எல்லா இடத்திலும் இதே கதைதான். காலையில் போனவர்கள் மதியச் சாப்பாட்டை வேப்பமரத்தடியில் முடித்தோம். விற்பவர் எழுபதைத் தாண்டிய முதியவர். விரல் ரேகைக் கருவியில் அவருடைய பெருவிரல் பதியவேயில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், வேறு விரலை வைக்கச் சொன்னார்கள். பின்னால் நின்றவர்கள் ராகுகாலத்தைச் சொல்லிப் பரபரத்தார்கள். "நாப்பது வருசம் தறி ஓட்டுன கைய்யா, ரேகை எங்க இருக்கும்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். ஒருவழியாக ஒரு விரல் ஏற்றுக்கொள்ளப்பட்டபோது நல்ல நேரம் முடிந்திருந்தது.

என் யோசனை, கேட்பவர் கேட்கலாம்: முன்பணத்தை முகூர்த்த நாளில் கொடுங்கள், பத்திரத்தைச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பதியுங்கள். செவ்வாயில் கூட்டம் இருக்காது. வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். என் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை.

மே 14

மே 8 திருக்கல்யாணம், 9 தேரோட்டம், 12 அழகர் ஆற்றில் இறங்கினார். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் அந்த நாள்களில் வீடு பார்க்கலாம் என்று ஒரு தரகர் என்னை வரச் சொன்னார். எதிர்சேவைக் கூட்டத்தில் தெருவே தெரியவில்லை, வீடு எங்கே தெரியும்? நீர்மோர்ப் பந்தல்களை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 23இல் எழுதிய கையெழுத்து விஷயம் இந்த ஆண்டும் அப்படியே நடந்தது. தம்பிக்குப் பேசிக்கொண்டிருந்த ஆனையூர் வீட்டில் மூன்று பிள்ளைகளும் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். மூத்தவர் வசிப்பது சிங்கப்பூரில். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. விற்பவர் இங்கேயே வசிப்பவராக இருந்து விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். உங்கள் பான் எண்ணை வைத்தே கட்டிவிடலாம். விற்பவர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு 1 சதவீதம் பொருந்தாது. சொத்து விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும், அதற்கு வாங்குபவர் வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை கேட்பது வாங்கியவரை. தரகர் இதைச் சொல்ல மாட்டார். எங்கள் தரகர் "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க சார்" என்றார். அவர்கள் பார்க்க மாட்டார்கள்.

அவர்களே வர முடியாமல் வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 15

வாடகை, ஒத்தி பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் கோபித்திருக்கிறார். நியாயமான கோபம். இந்தப் பருவத்தில் மதுரையில் உண்மையாகவே சூடுபிடிப்பது அதுதான். ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் பிள்ளையைச் சேர்த்த பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். கதவில் "வீடு ஒத்திக்கு" என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியதை மறுநாளே அழித்துவிடுகிறார்கள்.

ஒத்தியில் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது நமக்குப் புதிதன்று. வீடு வாங்கப் பணம் சேர்க்கிறவர் ஒத்தியில் இருப்பது நல்ல உபாயம் என்று நானும் நினைத்திருக்கிறேன்; இப்போதும் பெரும்பாலும் நினைக்கிறேன். ஆனால் வெறும் 20 ரூபாய் பத்திரத்தாளில் எழுதிக்கொண்டு எட்டு லட்சம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். உரிமை ஆவணங்களை ஒப்படைத்து வாங்கிய கடன் என்றால் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். வீட்டுக்காரர் தவணை கட்டாமல் வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், பதிவாகாத ஒத்திதாரர் வரிசையில் கடைசி ஆள்.

ஆகவே சித்திரையில் அதிகம் பேரம் பேச முடிவது ஒத்தியில் அன்று. ஒத்திக்கு இருப்பவரை வைத்துக்கொண்டே விற்கப்படும் வீட்டில். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காலி செய்ய விற்பவரிடம் பணம் இருக்காது. அதை உங்கள் முன்பணத்திலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தால், விலையில் இறங்கி வருவார். ஒத்திதாரரிடம் நேரே பணத்தைக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு, சாவி கைக்கு வந்த பிறகு மீதி.

மே 25

"தோப்பூர்ப் பக்கம் சென்ட் வாங்கிப் போடலாமா, எய்ம்ஸ் வந்துவிட்டதே" என்று ஒரு கேள்வி. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அன்று முதல் "எய்ம்ஸ் அருகில்" என்று மனை விற்கிறார்கள். மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு. ஆறு ஆண்டு வட்டியைக் கணக்கிட்டுவிட்டு மனை விலையைப் பாருங்கள்.

வந்துவிட்ட ஒன்றுக்கும் வரப்போகும் ஒன்றுக்கும் வித்தியாசம் உண்டு. நத்தம் சாலைப் பறக்கும் பாலம் வந்துவிட்டது, 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். தல்லாகுளத்தில் ஏறி செட்டிகுளத்தில் இறங்கலாம். அதே ஆண்டு ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஊமச்சிகுளம் வரை இதன் தாக்கம் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். 2004இல் உயர் நீதிமன்றக் கிளை திறந்த பிறகு ஒத்தக்கடைப் பக்கம் நடந்ததும் இதுதான். மெட்ரோ ரயில் வரப்போகும் வகை: திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் என்று திட்ட அறிக்கை இருக்கிறது, ரயில் இல்லை. ஆனால் திருமங்கலம் சாலையில் ஒரு மனைப்பிரிவில் எனக்குக் காட்டப்பட்ட வரைபடத்தில் மெட்ரோ நிலையம் மனைக்கு எதிரிலேயே நீல வண்ணத்தில் அச்சாகியிருந்தது. பயணிகள் இறங்குவதைப் போலவும் வரைந்திருந்தார்கள்.

மனை வாங்குபவர் பார்க்க வேண்டியது நிலையத்தை அன்று, அங்கீகார எண்ணை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது. அப்படி வரன்முறை பெற்ற மனைக்கும் முறையாக நகர் ஊரமைப்பு அனுமதி பெற்ற மனைக்கும் விலையில் வித்தியாசம் இருக்க வேண்டும். தரகர்கள் இரண்டையும் "அப்ரூவ்டு" என்றே சொல்வார்கள். மனைப்பிரிவின் மொத்த நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஒப்பந்தம் பதியும் முன்பு பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கும் உரிமை கட்டுநருக்கு இல்லை.

ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் போல 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் பழைய பத்திரத்தில் கிராமத்துப் புல எண் இருக்கும், பட்டாவில் வேறு எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டும் தாளைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஜூன் 7

ரிசர்வ் வங்கி நேற்று அரை சதவீதம் குறைத்துவிட்டது, ரெப்போ 5.5. பிப்ரவரியிலிருந்து முழுதாக ஒரு சதவீதம். ஏப்ரல் 10 கணக்கைத் தொடர்ந்தால் அதே 48 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் தவணை சுமார் 40,150. மாதம் 3,040 ரூபாய் மிச்சம். இதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: 9 சதவீதத்தில் கட்டிய அதே தவணைக்கு இப்போது சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் கூடுதலாகக் கடன் கிடைக்கும். ஏப்ரலில் 1,530 ரூபாய்க்காக யாரும் கிளம்ப மாட்டார்கள் என்றேன். 3 லட்சத்து 60 ஆயிரத்துக்காகக் கிளம்பலாம்.

தம்பியின் வீடு முடிந்தது, ஆனையூர் வீடுதான். 62 கேட்டவர்கள் 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்தார்கள். விலையில் கிடைத்தது 1 லட்சத்து 50 ஆயிரம், அதாவது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. கேள்வி கேட்டவரின் தரகர் சொன்ன பத்து சதவீதம் என்றால் 6 லட்சத்து 20 ஆயிரம் இறங்கியிருக்க வேண்டும்.

ஆனால் விலைக்கு வெளியே கிடைத்தவை உண்டு. மீதிப் பணத்துக்கு ஆவணி வரை அவகாசம். அதுவரை பட்டாவை அப்பா பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்கு மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு. சொத்து வரி, குடிநீர் வரி பாக்கியும் அவர்களுடையது. முழுத் தொகையும் வங்கி வழியாகவே போகும், பத்திரத்தில் அதே தொகை எழுதப்படும்.

இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் நாங்கள் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. நடு மகன் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டார். கடனில் வாங்குபவரிடம் ரொக்கம் கேட்பது நடக்காத காரியம், ஏனென்றால் பத்திரத்தில் மதிப்பு குறைந்தால் வங்கி தரும் கடனும் குறையும். சொத்துக்கான முன்பணத்தில் 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அவருடைய கவலை வரி. 2024 ஜூலை 23க்கு முன்பே கைக்கு வந்த சொத்துக்கு, இங்கே வசிப்பவர் பணவீக்கச் சரியீடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதமாகவோ சரியீட்டோடு 20 சதவீதமாகவோ கணக்கிட்டு, குறைவான வரியைக் கட்டலாம் என்று என் தம்பியின் கணக்காளர் தாளில் போட்டுக் காட்டினார். நடு மகன் பயந்ததில் பாதிகூட வரி வரவில்லை. அந்தத் தாளுக்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. பேரத்தில் எங்களுக்கு உதவியது பங்குனியும் சித்திரையும் அன்று, அந்த ஒரு தாள்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிந்துவிட்டோம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இதையும் கட்டாயம் பதிய வேண்டும். செலவைப் பார்த்துப் பலர் தவிர்க்கிறார்கள். தம்பியும் "எதுக்குண்ணே" என்றான். ஆவணி வரை இழுக்கிற விஷயத்தில் பதியாத தாளை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 9

"அப்படியானால் ஆடியில் பேசலாமா, ஆடித் தள்ளுபடி கிடைக்குமா" என்கிறார் முதலில் கேட்டவர். ஆடியில் வீடு பார்க்கலாம், பத்திரங்களை வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம், வங்கியில் கடன் ஒப்புதல் வாங்கி வைக்கலாம். அந்த மாதத்தில் தரகருக்கும் வழக்கறிஞருக்கும் நேரம் இருக்கும், உங்கள் தொலைபேசியை எடுப்பார்கள். தள்ளுபடி ஜவுளிக் கடையில்தான்.

நவம்பர் 22

மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம். பழைய கணக்கெடுப்பை வைத்து இன்றைய ஊரை அளப்பது சரியா என்ற சண்டை தனி.

மே மாதம் மெட்ரோ நிலையம் வரைந்து காட்டிய அந்த மனைப்பிரிவின் தரகரிடம் நேற்று ஆர்வக்கோளாறில் பேசினேன். வரைபடத்திலிருந்து நிலையத்தை எடுத்துவிட்டார்களாம். அப்படியானால் சென்ட்டுக்கு எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "குறைக்கிறதா? இப்ப எய்ம்ஸ் வேலை வேகமா நடக்குது சார்" என்றார்.